வில்லியம் ரெய்னி ஹார்ப்பர்

வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் (ஜூலை 24, 1856 – ஜனவரி 10, 1906) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கல்வியாளரும் எபிரேய மொழி அறிஞரும் ஆவார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதலாவது தலைவராக 1891 முதல் இறக்கும் வரை பணியாற்றினார். அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தலைவர் என்னும் பதவி, இந்தியாவில் துணைவேந்தர் வகிக்கும் பதவிக்கு ஒப்பானது.

பணியில் இருக்கும் பெரியவர்களுக்கான கல்வியை ஒரு பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பிரிவுகளுள் ஒன்றாகத் தொடக்கத்திலேயே அமைத்தவர் ஹார்ப்பர். அஞ்சல்வழிக் கல்வி, மாலை வகுப்புகள், ஊர்தோறும் விரிவுரைகள், இரண்டாண்டுக் கல்லூரிகள் ஆகியவற்றின் அமெரிக்க வரலாற்றில் இவருக்கு முக்கிய இடம் உண்டு. கல்லூரி விளையாட்டைப் பல்கலைக்கழக நிருவாகத்தின் கீழ் கொண்டுவந்து, காற்பந்தாட்டப் பயிற்றுநர் ஒருவருக்குப் பேராசிரியர் தகுதியும் நிரந்தரப் பணியும் வழங்கியவரும் இவரே. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், பல்கலைக்கழகத்தை அதன் மதில்களுக்கு வெளியே உள்ள மக்களிடம் கொண்டு சேர்ப்பது என்ற ஒரே நோக்கில் எழுந்தவை எனலாம்.

பிறப்பும் இளமையும்

ஹார்ப்பர் ஒகையோ மாநிலத்தில் உள்ள நியூ கான்கார்ட் என்ற சிற்றூரில், மரத்தடிகளால் கட்டப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தார். தந்தை சாமுவேல் ஹார்ப்பர் அவ்வூரில் பலசரக்குக் கடை நடத்தி வந்தார். தாயார் எல்லன் எலிசபெத் ரெய்னி. பெற்றோர் இருவரும் அயர்லாந்து வழிவந்த ஸ்காட்லாந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

ஹார்ப்பர் சிறு வயதிலேயே அசாதாரணமான கல்வித் திறன் காட்டினார். உள்ளூரில் இருந்த மஸ்கிங்கம் கல்லூரியில் தம் பத்தாவது வயதில் சேர்ந்து, பதினான்காவது வயதில் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு விழாவில் எபிரேய மொழியில் உரையாற்றினார். பின்னர் சில ஆண்டுகள் தந்தையின் கடையில் வேலை செய்தார். அக்காலத்தில் ஊர் இசைக்குழுவில் கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்ததோடு அக்குழுவை முன்னின்று நடத்தியும் வந்தார். அதே கல்லூரியில் சிறு மாணவர் குழுவொன்றுக்கு எபிரேயம் கற்பிக்கவும் செய்தார்.

1873 ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, புகழ்பெற்ற சமசுக்கிருத அறிஞரான வில்லியம் டுவைட் விட்னியிடம் மொழியியல் பயின்றார். இலத்தீன், கிரேக்கம், சமசுக்கிருதம், கோதிக் ஆகிய மொழிகளில் உள்ள முன்னிடைச் சொற்களை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதினார். 1875 இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பத்தொன்பது கூட நிரம்பவில்லை. அதே ஆண்டு, மஸ்கிங்கம் கல்லூரித் தலைவர் டேவிட் பாலின் மகளான எல்லா பாலை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகளும் மூன்று மகன்களும் பிறந்தனர். மகன்களுள் ஒருவரான சாமுவேல் ஹார்ப்பர் பிற்காலத்தில் உருசியாவைப் பற்றிய ஆய்வாளராக அறியப்பட்டார்.

ஆசிரியப் பணியும் அஞ்சல்வழி எபிரேயமும்

முதலில் டென்னசி மாநிலத்தின் மேக்கன் என்ற ஊரில் ஒரு கல்லூரியின் முதல்வராக ஓராண்டு பணியாற்றினார். 1876 இல் ஒகையோவில் உள்ள டெனிசன் பல்கலைக்கழகத்தின் ஆயத்தப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கிருந்தபோது பாப்திசுத் திருச்சபையில் சேர்ந்தார். 1879 இல் சிகாகோவிற்கு அருகில் மார்கன் பார்க் என்ற இடத்தில் இருந்த பாப்திசு இறையியல் கல்லூரியில் எபிரேய ஆசிரியராகப் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் அமெரிக்க இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் ஒரு சுமையான பாடமாகவே இருந்தது. இலக்கண விதிகளை மனப்பாடம் செய்த பின்னரே நூலைத் தொட அனுமதிப்பது வழக்கம். ஹார்ப்பர் இம்முறையை மாற்றினார். முதல் நாளிலேயே விவிலிய மூலத்தின் முதல் வசனங்களைப் படிக்கச் செய்து, அவற்றிலிருந்தே சொற்களையும் விதிகளையும் மாணவர் தாமே கண்டறியுமாறு பாடங்களை அமைத்தார். இம்முறையில் அவர் எழுதிய பாடநூல்கள் பல பதிப்புகள் கண்டன.

1881 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மார்கன் பார்க்கில் எபிரேயக் கோடைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வந்தவர்களில் பலர் ஏற்கெனவே திருச்சபைகளில் பணிபுரிந்து வந்த போதகர்கள். கோடை முடிந்து ஊர் திரும்பிய பின்னும் அவர்கள் படிப்பைத் தொடர விரும்பினர். இதற்கு வழியாக அதே ஆண்டில் ஹார்ப்பர் அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கினார். அச்சிடப்பட்ட பாடத்தாள் ஒன்று மாணவருக்கு அனுப்பப்படும். மாணவர் அதைப் படித்து, வினாக்களுக்கு விடை எழுதித் திருப்பி அனுப்புவார். ஆசிரியர் பிழைகளைத் திருத்தி, ஐயங்களுக்கு விளக்கம் எழுதி அடுத்த பாடத்தாளுடன் அனுப்பி வைப்பார். சிற்றூர்களில் நூலகமோ ஆசிரியரோ இன்றி வாழ்ந்தவர்கள் இதனால் பெரிதும் பயனடைந்தனர். இன்று தொலைநிலைக் கல்வி நிறுவனங்கள் பின்பற்றும் பாடத்தாள், ஒப்படைப்பு, திருத்தம் என்ற சுழற்சியும் ஏறத்தாழ இதுவே ஆகும்.

இப்பணி விரைவாக வளர்ந்தது. ஆனால் அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் வருவாயை மீறின. ஹார்ப்பர் சொந்தக் கடனில் சிக்கினார். தொடங்கிய எதையும் சுருக்கிக் கொள்ளாத அவரது இயல்பும், அதனால் வரும் கடனும் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன.

ஷட்டாக்குவா

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஷட்டாக்குவா என்ற ஏரிக்கரையில், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக் கூடல் ஒன்றை ஜான் ஹெய்ல் வின்சென்ட், லூயிஸ் மில்லர் ஆகிய இருவரும் 1874 இல் தொடங்கியிருந்தனர். நாளடைவில் இது கலை, அறிவியல், இசை, மொழிகள் அனைத்தையும் கற்பிக்கும் பெரியதொரு கோடைக்காலப் பள்ளியாக வளர்ந்தது. 1878 இல் தொடங்கப்பட்ட இதன் இலக்கிய அறிவியல் வாசகர் வட்டம், வீட்டிலிருந்தே நான்கு ஆண்டுகள் ஒழுங்குடன் படிக்கும் திட்டத்தை வழங்கியது. கல்லூரிக்குச் செல்ல வாய்ப்பில்லாத ஏராளமான இல்லத்தரசிகளும் கடைக்காரர்களும் உழவர்களும் இதில் சேர்ந்தனர்.

1883 இல் ஹார்ப்பர் இங்கு எபிரேயம் கற்பிக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இதன் கலைக் கல்லூரிக்குத் தலைவராகி, பின்னர் கல்விப் பணி முழுவதையும் வழிநடத்தினார். நாள் முழுதும் உழைத்துவிட்டு இரவில் புத்தகம் திறக்கும் மனிதர்களுக்கு உண்மையான கல்வி வேட்கை உண்டு என்பதையும், அவர்களுக்குத் தரத்தைக் குறைத்துக் கற்பிக்கத் தேவையில்லை என்பதையும் ஹார்ப்பர் இங்கேதான் நேரில் கண்டார். கோடையில் கல்லூரிக் கட்டடங்கள் பூட்டிக் கிடப்பது வீண் என்ற எண்ணமும் இங்கு வலுப்பெற்றது.

1886 இல் யேல் பல்கலைக்கழகம் அவரைச் செமிட்டிய மொழிகளின் பேராசிரியராக அழைத்தது. வார இறுதிகளில் வாசர் மகளிர் கல்லூரிக்குச் சென்று விவிலிய வகுப்புகளும் எடுத்து வந்தார். எண்ணெய்த் தொழிலதிபரான ஜான் டி. ராக்பெல்லர் அக்கல்லூரியின் அறங்காவலர்களுள் ஒருவர். இருவருக்கும் இடையே ஏற்பட்ட அறிமுகம் ஹார்ப்பரின் வாழ்க்கையைத் திசை திருப்பியது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தோற்றம்

சிகாகோவில் பாப்திசுத் திருச்சபையினர் நடத்தி வந்த பழைய பல்கலைக்கழகம் கடன் சுமையால் 1886 இல் மூடப்பட்டது. அதற்கு ஈடாகப் புதிய நிறுவனம் ஒன்றைத் தோற்றுவிக்கத் தாமஸ் குட்ஸ்பீட், பிரெடரிக் கேட்ஸ் ஆகியோர் முயன்றனர். 1889 மே மாதம் ராக்பெல்லர் ஆறு இலட்சம் டாலர் தருவதாக உறுதியளித்தார். ஓராண்டுக்குள் மற்றவர்களிடமிருந்து நான்கு இலட்சம் டாலர் திரட்ட வேண்டும் என்பது அவரது நிபந்தனை. வணிகர் மார்ஷல் பீல்டு நிலம் வழங்கினார். நிதி உரிய காலத்தில் திரண்டது.

1890 செப்டம்பரில் பல்கலைக்கழகம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, ஹார்ப்பர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் அவர் உடனே இசையவில்லை. ஒரு சிறு கல்லூரியை நடத்த அவர் விரும்பவில்லை; ஆய்வை முதன்மையாகக் கொண்ட முழுமையான பல்கலைக்கழகமே வேண்டும் என்றார். ராக்பெல்லர் மேலும் பத்து இலட்சம் டாலர் அளித்தார். 1891 பெப்ரவரியில் ஹார்ப்பர் பதவியை ஏற்றுக்கொண்டார்.

ஹார்ப்பர் வகுத்த திட்டம் பல வகைகளில் புதுமையானது.

* ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. கோடைக்காலமும் முழுமையான கல்விப் பருவமாக்கப்பட்டது. பள்ளி ஆசிரியர்கள் தம் விடுமுறையில் வந்து படிக்க இதனால் வழி பிறந்தது.
* மாணவர் எந்தப் பருவத்திலும் சேரலாம், எந்தப் பருவத்திலும் படிப்பை முடித்துப் பட்டம் பெறலாம்.
* இளங்கலைப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளும் கடைசி இரண்டு ஆண்டுகளும் தனித்தனிப் பிரிவுகளாக்கப்பட்டன.
* பெண்கள் தொடக்கம் முதலே மாணவர்களாகச் சேர்க்கப்பட்டனர்.
* கற்பித்தல் துறைகள், நூலகங்கள், அச்சகம், இணைப்பு நிறுவனங்கள் ஆகியவற்றோடு விரிவாக்கக் கல்வியும் பல்கலைக்கழகத்தின் ஐந்து பெரும் பிரிவுகளுள் ஒன்றாக அமைக்கப்பட்டது.

ஆசிரியர்களைத் திரட்டுவதில் ஹார்ப்பர் தயக்கம் காட்டவில்லை. மற்ற நிறுவனங்களில் வழங்கப்பட்டதைவிடக் கூடுதல் ஊதியம் அளித்தார். கிளார்க் பல்கலைக்கழகத்தில் அதிருப்தியுற்றிருந்த அறிவியலாளர் பலரை ஒரே வீச்சில் சிகாகோவுக்கு அழைத்து வந்தார். பின்னர் 1907 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் மைக்கல்சன் அவர்களுள் ஒருவர். மெய்யியலாளர் ஜான் டூயி 1894 இல் வந்து சேர்ந்தார்.

1892 அக்டோபர் 1 ஆம் நாள், ஏறத்தாழ 600 மாணவர்களுடனும் 100க்கும் மேற்பட்ட ஆசிரியர்களுடனும் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. திறப்பு விழா எதுவும் நடத்தப்படவில்லை. கட்டட வேலை முழுவதும் முடியாத நிலையிலேயே வகுப்புகள் காலையில் வழக்கம்போல் தொடங்கின.

விரிவாக்கக் கல்வி

பல்கலைக்கழக விரிவாக்கம் என்னும் கருத்து இங்கிலாந்தில் உருவானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873 முதல் தொழில் நகரங்களுக்கு விரிவுரையாளர்களை அனுப்பி வந்தது. ஹார்ப்பர் இதனை அமெரிக்கச் சூழலுக்கு ஏற்ப விரிவுபடுத்தினார். கேம்பிரிட்ஜ் விரிவாக்க இயக்கத்தில் பணியாற்றிய ஆங்கில இலக்கிய விரிவுரையாளர் ரிச்சர்ட் கிரீன் மௌல்டனைச் சிகாகோவுக்கு வரவழைத்தார்.

ஊர் விரிவுரைகள்: ஒரு பேராசிரியர் வாரம் ஒருமுறை ஓர் ஊருக்குச் சென்று, ஒரே பொருள் குறித்துத் தொடர் விரிவுரை ஆற்றுவார். பாடச்சுருக்கம் முன்னதாகவே அச்சிட்டு வழங்கப்படும். விரிவுரை முடிந்தபின் கலந்துரையாடல் நடைபெறும். விரும்புவோர் கட்டுரை எழுதிக் கொடுத்துத் தேர்வும் எழுதலாம். திருச்சபை மண்டபங்களிலும் நூலகங்களிலும் இவ்வகுப்புகள் நடைபெற்றன.

அஞ்சல்வழிப் பிரிவு: மார்கன் பார்க்கில் எபிரேயத்துக்கு மட்டும் இருந்த அஞ்சல்வழிக் கல்வி இப்போது பல பாடங்களுக்கு விரிந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்தப் பிரிவாகவே அஞ்சல்வழிக் கல்வியை நடத்தியது அமெரிக்காவில் ஒரு முன்னோடி நிகழ்வாகும். இதில் ஹார்ப்பர் ஒரு வரம்பையும் விதித்தார். பட்டத்துக்குரிய பாடங்களில் ஒரு பகுதியை மட்டுமே அஞ்சல் வழியாக முடிக்கலாம். எஞ்சியவற்றை நேரில் வந்து படிக்க வேண்டும். தேர்வில் வென்றால்தான் அப்பாடம் கணக்கில் சேரும். அஞ்சல்வழிக் கல்வி நேரடிக் கல்விக்கு முழு மாற்று என்று அவர் ஒருபோதும் கருதவில்லை. ஆனால் தன் முயற்சியால் பாடத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதி முடிக்கும் அஞ்சல்வழி மாணவர், வகுப்பில் வெறுமனே அமர்ந்திருப்பவரை விட நன்கு கற்கக்கூடும் என்று அவர் நம்பினார்.

நகர மையக் கல்லூரி: பல்கலைக்கழக வளாகம் நகர மையத்திலிருந்து பல கிலோமீட்டர் தெற்கே இருந்தது. பகலில் வேலை செய்வோர் அங்கு வந்து படிப்பது எளிதன்று. எனவே 1898 இல், அனிதா மெக்கார்மிக் பிளெய்ன் அளித்த நிதியுதவியோடு, ஆசிரியர்களுக்கான கல்லூரி ஒன்று சிகாகோ நகர மையத்தில் தொடங்கப்பட்டது. மாலை நேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் வகுப்புகள் நடைபெற்றன. அன்றைய பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பட்டம் பெறாத பெண்கள். வேலையை விடாமலே பட்டத்துக்குப் படிக்க அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இதுவாகும்.

இரண்டாண்டுக் கல்லூரி: இளங்கலையின் முதல் இரண்டு ஆண்டுப் பிரிவுக்கு இளநிலைக் கல்லூரி என்று ஹார்ப்பர் பெயரிட்டார். அதை முடித்தவர்களுக்கு 1900 முதல் தனியே இணைநிலைப் பட்டம் ஒன்றும் வழங்கப்பட்டது. நான்காண்டு படிக்க இயலாதவர் தோல்வியுற்றவர் என்ற எண்ணமின்றி மதிப்புடன் வெளியேறலாம் என்பது இதன் நோக்கம். இப்படிப்பை உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகளே நடத்தலாம் என்றும் அவர் எடுத்துரைத்தார். இதன்படி இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட் நகரில், பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரௌனுடன் இணைந்து 1901 இல் உருவாக்கிய கல்லூரி ஆறு மாணவர்களுடன் தொடங்கியது. இன்றும் இயங்கிவரும் பொது இளநிலைக் கல்லூரிகளுள் இதுவே மிகப் பழமையானது.

விளையாட்டுத் துறை

பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன்பே ஹார்ப்பர் தேர்ந்தெடுத்தவர்களுள் அமோஸ் அலான்சோ ஸ்டாக் (1862–1965) என்பவரும் ஒருவர். இவர் யேலில் ஹார்ப்பரின் மாணவராக இருந்தவர். சிறந்த அடிபந்தாட்ட வீச்சாளர். 1889 இல் முதன்முறையாகத் தெரிவு செய்யப்பட்ட அனைத்து அமெரிக்கக் காற்பந்தாட்ட அணியில் இடம்பெற்றவர். 1890 இல் ஹார்ப்பர் அவரை அழைத்துப் பேசினார். ஸ்டாக் பதில் கூறாமல் யோசித்துக் கொண்டிருக்க, மறுக்கிறார் என்று எண்ணிய ஹார்ப்பர் ஊதியத்தைப் படிப்படியாக உயர்த்தி 2,500 டாலருக்குக் கொண்டு சென்றதாகக் கூறப்படுகிறது. இணைப் பேராசிரியர் தகுதியும் நிரந்தரப் பணியும் சேர்த்து வழங்கப்பட்டன.

இங்குக் காற்பந்தாட்டம் என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தைக் குறிக்கும். அக்காலத்தில் மற்றப் பல்கலைக்கழகங்களில் இவ்விளையாட்டை மாணவர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் நடத்தி வந்தனர். பயிற்றுநர் பருவத்துக்குப் பருவம் அமர்த்தப்படுவார். வெற்றி தராவிட்டால் நீக்கப்படுவார். பணம் கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதும் சாதாரணமாக இருந்தது. பயிற்றுநரைப் பல்கலைக்கழக ஆசிரியராக்கினால் அவர் வெற்றி ஒன்றையே நம்பி வாழவேண்டிய நிலை நீங்கும், விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதியாகும் என்று ஹார்ப்பர் கருதினார். உடற்பயிற்சி எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

தொடக்கம் மிக எளிமையானது. 1892 இல் அணியின் முதல் ஆட்டம் ஓர் உயர்நிலைப் பள்ளி அணியுடன் நடந்தது. ஆட்கள் போதாமையால் பயிற்றுநர் ஸ்டாக்கும் அணியில் சேர்ந்து ஆடினார். வளாகத்துக்கு வடக்கே இருந்த தன் நிலத்தை மார்ஷல் பீல்டு விளையாட்டுக்கு அளித்தார். 1894 டிசம்பரில் அணி தொடர்வண்டியில் கலிபோர்னியா வரை சென்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அணியை வென்றது. இத்தகைய நெடும்பயணம் அன்று புதுமை. புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் நாளேடுகளின் வழியே நாடெங்கும் பரவியது. ஆய்வுக்கட்டுரைகளை ஒருபோதும் படிக்காத சிகாகோ நகர மக்கள், தம் நகரத்து அணி என்ற உரிமையோடு மைதானத்துக்கு வரத் தொடங்கினர். ஹார்ப்பர் எதிர்பார்த்ததும் இதுவே.

முறைகேடுகளைத் தடுக்கும் முயற்சியிலும் சிகாகோ பங்கேற்றது. 1895 ஜனவரியில் நடுமேற்குப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிகாகோவில் கூடி, முறையாகப் படிக்கும் மாணவர் மட்டுமே ஆடவேண்டும் என்பன போன்ற விதிகளை வகுத்தனர். 1896 இல் ஏழு பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பிரதிநிதிகளைக் கொண்டு மேற்கு மாநாடு என்ற அமைப்பு உருவாயிற்று. பின்னாளில் பெரும் பத்து என்று பெயர்பெற்ற அமைப்பு இதுவே. 1899 இல் சிகாகோ அணி முதன்முறையாக இம்மாநாட்டின் வெற்றிப் பட்டத்தைப் பெற்றது.

1905 நவம்பர் 30 ஆம் நாள் சிகாகோ, மிச்சிகன் அணிகள் மோதின. மிச்சிகன் அணி 1901 முதல் 56 ஆட்டங்களில் தோல்வியே காணாதது. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் கூடியிருந்தனர். பந்துடன் இருந்த மிச்சிகன் ஆட்டக்காரர் ஒருவர் தம் அணியின் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தப்பட்டதால் சிகாகோவுக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்தன. ஆட்டத்தில் பெறப்பட்ட புள்ளிகள் இவை மட்டுமே. 2–0 என்ற கணக்கில் சிகாகோ வென்று மீண்டும் பட்டத்தைப் பெற்றது. அப்போது ஹார்ப்பர் மீளமுடியாத நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தார்.

விமர்சனங்கள்

ஹார்ப்பரின் பணிகள் அவர் வாழ்ந்த காலத்திலேயே கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கப்படும் கடை என்ற பொருளில், பல்கலைக்கழகத்தை ஹார்ப்பரின் சந்தை என்று கேலி செய்தோர் உண்டு. பதினான்கு ஆண்டுகள் சிகாகோவில் ஆசிரியராக இருந்த பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன், பல்கலைக்கழகங்கள் வணிக நிறுவனங்கள் போல் நடத்தப்படுவதைத் தாக்கிப் பின்னர் நூலொன்று எழுதினார்.

விரிவாக்கப் பிரிவில் பொருளியல் கற்பித்த எட்வர்டு பெமிஸ், 1894 ஆம் ஆண்டுப் புல்மன் தொடர்வண்டி வேலைநிறுத்தத்தின்போது இரயில் நிறுவனங்களைக் குறைகூறிப் பேசினார். மறு ஆண்டு அவரது பணி நீட்டிக்கப்படவில்லை. கருத்துரிமை பறிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டைப் பல்கலைக்கழகம் மறுத்தது. ஆயினும் உழைக்கும் மக்களிடம் செல்ல வேண்டிய பிரிவிலேயே, அவர்கள் பக்கம் பேசியவருக்கு இடமில்லாமல் போனது ஹார்ப்பரின் பெயருக்கு நீங்காத களங்கமாயிற்று.

நகரப் பள்ளிகளைச் சீரமைக்க ஹார்ப்பர் தலைமையிலான குழு 1899 இல் வெளியிட்ட அறிக்கையைச் சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு வன்மையாக எதிர்த்தது. ஆசிரியர்களின் கருத்தைக் கேளாமல் அதிகாரத்தைக் கண்காணிப்பாளரிடம் குவிப்பதாகவும், ஆண் ஆசிரியர்களுக்கு மட்டும் கூடுதல் ஊதியம் பரிந்துரைப்பதாகவும் அவர்கள் சுட்டிக்காட்டினர். அறிக்கையின் அடிப்படையிலான சட்டமுன்வரைவு தோல்வியுற்றது. 1902 இல் முதல் இரண்டு ஆண்டு மாணவ மாணவியருக்குத் தனித்தனி வகுப்புகள் நடத்த எடுத்த முடிவும் பெண் கல்வியாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது.

விளையாட்டிலும் நோக்கமும் நடைமுறையும் விலகிச் சென்றன. நுழைவாயிலில் திரண்ட பணம் மற்ற விளையாட்டுகளுக்கும் உதவியதால், வெற்றி பெறும் காற்பந்தாட்ட அணி இன்றியமையாததாகிவிட்டது. 1905 நவம்பரில் கோலியர்ஸ் என்ற வார இதழ், வெற்றிகள் விலைக்கு வாங்கப்படுவதாகச் சாடிய கட்டுரைத் தொடரைச் சிகாகோவிலிருந்தே தொடங்கியது. அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் வால்டர் எக்கர்சால் போதிய கல்வித் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டுப் பட்டம் பெறாமலே வெளியேறினார். அஞ்சல்வழி மாணவரிடம் கடுமையாக எதிர்பார்க்கப்பட்ட தரம் ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கப்படவில்லை என்பது இதன் பொருள்.

இறுதிக் காலம்

ஹார்ப்பர் விடியற்காலையில் எழுந்து இரவு வெகுநேரம் வரை உழைப்பவர். தலைவர் பொறுப்போடு துறைத் தலைவராகவும் இருந்து வகுப்பெடுத்தார், இதழ்கள் நடத்தினார். பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பற்றாக்குறையில் ஓடியது. ஒவ்வொரு முறையும் ராக்பெல்லர் ஈடுசெய்தார் எனினும், இறுதியில் இனிப் புதிய பிரிவுகள் கூடாது என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

1904 இல் ஹார்ப்பருக்குக் குடல்வால் அறுவை நடைபெற்றது. 1905 தொடக்கத்தில் அவருக்குப் புற்றுநோய் இருப்பது உறுதியானது. பெப்ரவரியில் நடந்த அறுவையால் நோயை நீக்க முடியவில்லை. எஞ்சிய மாதங்களையும் அவர் பணியிலேயே கழித்தார். பல ஆண்டுகளாக எழுதிவந்த ஆமோஸ், ஓசியா ஆகிய விவிலிய நூல்களுக்கான விரிவுரையை அவ்வாண்டில் வெளியிட்டார். தமது இறுதிச் சடங்கு எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதையும் தாமே திட்டமிட்டார். மிச்சிகனை வென்ற 41 ஆம் நாள், 1906 ஜனவரி 10 இல், தம் 49 ஆவது வயதில் காலமானார்.

அதே மாதம், காற்பந்தாட்டத்தில் நேர்ந்த உயிரிழப்புகளையும் முறைகேடுகளையும் ஆராய மேற்கு மாநாட்டின் ஆசிரியப் பிரதிநிதிகள் சிகாகோவில் கூடினர். ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்கள் மட்டும், ஒருவர் மூன்று ஆண்டுகள் மட்டுமே ஆடலாம், முதலாண்டு மாணவர் ஆடக்கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தன.

மறைவுக்குப் பின்

ஸ்டாக் 1932 வரை சிகாகோவில் பணியாற்றினார். அவர் காலத்தில் அணி ஏழு முறை மாநாட்டுப் பட்டம் வென்றது. 1935 இல் முதலாவது ஹைஸ்மன் கோப்பையும் சிகாகோ ஆட்டக்காரரான ஜே பெர்வாங்கருக்கே கிடைத்தது. ஆனால் கல்விக்கும் பெருவிளையாட்டுக்கும் பொருத்தமில்லை என்று கருதிய தலைவர் ராபர்ட் ஹட்சின்சு காலத்தில், 1939 டிசம்பரில் காற்பந்தாட்ட அணி கலைக்கப்பட்டது. வெறிச்சோடிய ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ பெர்மி குழுவினர் கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். 1969 இல் காற்பந்தாட்டம் சிறிய அளவில் மீண்டும் தொடங்கப்பட்டது. பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் நிற்கிறது.

விரிவாக்கக் கல்விக்கு இத்தகைய ஆரவாரம் எதுவும் இருக்கவில்லை. நகர மையக் கல்லூரி பல பெயர் மாற்றங்களுக்குப் பின் கிரகாம் பள்ளியாயிற்று. கோடைப் பருவம், மாலை வகுப்பு, அஞ்சல்வழிப் பாடம் ஆகியவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயல்பான நடைமுறைகளாயின. ஆறு பேருடன் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி முறை இன்று ஐக்கிய அமெரிக்காவில் ஆயிரத்தை எட்டும் சமுதாயக் கல்லூரிகளாகப் பரவியுள்ளது. அவற்றின் மாணவர்களில் கணிசமானோர் வேலை செய்துகொண்டே படிப்பவர்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1912 இல் திறக்கப்பட்ட ஹார்ப்பர் நினைவு நூலகம் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிகாகோவுக்கு அருகே பாலட்டைன் என்ற ஊரில் 1965 இல் நிறுவப்பட்ட சமுதாயக் கல்லூரிக்கும் ஹார்ப்பர் கல்லூரி என்றே பெயரிடப்பட்டுள்ளது.

எழுதிய நூல்களுள் சில

* சமயமும் உயர் வாழ்வும் (1904)
* உயர்கல்வியின் போக்கு (1905)
* ஆமோஸ், ஓசியா நூல்களுக்கான திறனாய்வு விரிவுரை (1905)
* எபிரேய மொழிப் பாடநூல்கள் பல